கொடுத்தவரையும் கவனியுங்கள்: சிறுநீரக தானத்துக்குப் பிறகு வரும் கேள்விகள்

சிறுநீரகம் பெற்றுக்கொண்டவர் தவறாமல் மருத்துவமனைக்குப் போகிறார். அவர் மாத்திரை போட்டாரா என்று வீடே பார்த்துக்கொள்கிறது. கொடுத்தவரையோ தையல் பிரித்த நாளோடு எல்லோரும் மறந்துவிடுகிறோம். பெரும்பாலும் அவர் அந்த வீட்டின் அம்மாவாகவோ மனைவியாகவோ இருப்பதால், தன்னைக் கவனிக்கச் சொல்லி அவரும் கேட்பதில்லை. கொடுத்தவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எனக்கு 48 வயது. போன வருடம் மகனுக்கு ஒரு கிட்னி கொடுத்தேன். கொடுக்கும் முன் க்ரியாட்டினின் 0.75 இருந்தது. இப்போது 1.15. ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர். 59 என்று போட்டு, பக்கத்திலேயே ‘நாள்பட்ட சிறுநீரக நோய், நிலை 3’ என்று அச்சடித்திருக்கிறார்கள். எனக்கும் டயாலிசிஸ் வந்துவிடுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அந்த வரியை எழுதியது மருத்துவர் அல்ல, ஆய்வகத்தின் கணினி. க்ரியாட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் ஒரு கழிவு. அதை வைத்துக் கணக்கிடும் வடிகட்டும் திறன்தான் இ.ஜி.எஃப்.ஆர். அது 60-க்குக் கீழே வந்தால் கணினி அப்படித்தான் அச்சிடும். உங்களிடம் இருப்பது ஒரே சிறுநீரகம் என்பது கணினிக்குத் தெரியாது.

தானத்துக்கு முன் உங்கள் வடிகட்டும் திறன் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து 98 அளவில் இருந்திருக்கும். ஒன்றை எடுத்ததும் அது பாதியாக, அதாவது 50 அருகே இறங்கும். பிறகு மிச்சமிருக்கும் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் கூடி, அது சற்றே பெரிதாகி, கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்ளும். சில மாதங்களில் பழைய அளவில் 60 முதல் 70 சதவீதம் வரை எட்டிவிடுவது வழக்கம். உங்களுடைய 59 அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. ஸ்கேனில் ‘சிறுநீரகம் வீங்கியிருக்கிறது’ என்று யாராவது பயமுறுத்தினாலும், 10 சென்டிமீட்டர் இருந்தது 11, 12 ஆவது இந்த ஈடுகட்டலால்தான். நீர் தேங்கி விரிவடைவது வேறு விஷயம், அதை ஸ்கேன் அறிக்கை தனியாகச் சொல்லும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு இரண்டு. முதலாவது, எண் எந்தப் பக்கம் போகிறது என்பது. ஓராண்டு முடிவில் வந்த 1.15-தான் இனி உங்கள் அடிப்படை அளவு. அடுத்த ஆண்டும் அதே அளவில் நின்றால் நல்லது. இ.ஜி.எஃப்.ஆர். ஆண்டுக்கு 5-க்கு மேல் தொடர்ந்து குறைந்தால் காரணம் தேட வேண்டும். ஒப்பிட வசதியாக ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். முந்தைய இரவு கறி விருந்து சாப்பிட்டிருந்தாலோ வெயிலில் நாள் முழுக்க வேலை பார்த்திருந்தாலோ அன்றைய க்ரியாட்டினின் கூடுதலாகக் காட்டும், இரண்டு நாள் தள்ளிப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தசையின் அளவும் சாப்பிட்ட கறியும் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

இரண்டாவதைத்தான் பலர் செய்துகொள்வதே இல்லை. அது சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்–க்ரியாட்டினின் விகிதம். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் பார்ப்பது நல்லது. கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். பட்டை நனைத்துப் பார்க்கும் சாதாரண சோதனை ‘இல்லை’ என்று சொன்னாலும், சிறு அளவுக் கசிவை அது தவறவிடும். மாதவிலக்கு, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருக்கும் நாட்களில் இதைச் செய்யாதீர்கள். ஒருமுறை கூடி வந்தால் மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். அல்புமின் கசியாமல், ரத்த அழுத்தம் சரியாக இருந்து, எண்ணும் நிலையாக நின்றால், உங்கள் 59 நோயால் 59-க்கு வந்தவருடையது போன்றதல்ல.

கேள்வி: அப்படியானால் கொடுத்தவருக்கு ஆபத்தே இல்லையா? பின்னால் அவருக்கே கிட்னி தேவைப்பட்டால் என்ன வழி? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டோம். சிறிய ஆபத்து உண்டு. அமெரிக்காவில் தானம் செய்த 96,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஆய்வில், 15 ஆண்டுகளுக்குள் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்கள் 10,000-க்கு ஏறத்தாழ 31 பேர். அதே அளவு ஆரோக்கியத்தோடு இருந்து தானம் செய்யாதவர்களில் 10,000-க்கு ஏறத்தாழ 4 பேர். பல மடங்கு கூடுதல்தான், ஆனாலும் 10,000-ல் 9,969 பேருக்கு அப்படி நேரவில்லை. நம் ஊரில் சர்க்கரை நோய் இளவயதிலேயே வருகிறது, தொப்பையும் கூடுதல். அதனால் இந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்தி நிம்மதியாக இருந்துவிட முடியாது. தானம் செய்தவர் எடையையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது அவருடைய ஒற்றைச் சிறுநீரகத்துக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி.

தானம் செய்தவருக்கே பிற்காலத்தில் மாற்றுச் சிறுநீரகம் தேவைப்பட்டால், காத்திருப்போர் பட்டியலில் அதற்கென்று கூடுதல் புள்ளி கொடுக்க உறுப்பு மாற்றுக்கான தேசிய அமைப்பான நோட்டோவின் ஒதுக்கீட்டு விதிகளில் இடம் உண்டு. அதற்கு ஆதாரம் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, அங்கீகாரக் குழுவின் அனுமதிக் கடிதம், தானத்துக்கு முந்தைய பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றின் நகல்கள் பெற்றவர் ஃபைலில் மட்டும் கிடக்கக் கூடாது. கொடுத்தவர் பெயரில் தனி ஃபைல் போடுங்கள்.

கேள்வி: என் மனைவி அவர் தம்பிக்குக் கிட்னி கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். ‘சின்னத் துளைதானே’ என்று அம்மா குடம் தூக்கச் சொல்கிறார்கள். எப்போது மில் வேலைக்குப் போகலாம்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தூக்கக் கூடாது. கருவிகளுக்குத்தான் சின்னத் துளைகள். சிறுநீரகத்தை முழுதாக வெளியே எடுக்க அடிவயிற்றில் 6 முதல் 8 சென்டிமீட்டர் வெட்டியிருப்பார்கள். மேலே தோல் பத்து நாளில் ஒட்டிவிடும். உள்ளே தசையை மூடியிருக்கும் உறைக்கு வலு வர ஆறு வாரமாவது வேண்டும். அதற்குள் பாரம் தூக்கினால் அந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம், அதற்கு இன்னொரு அறுவை செய்ய நேரிடலாம். ஆறு வாரம் வரை 5 கிலோவுக்கு மேல் வேண்டாம். நிறைகுடம் 12 முதல் 15 கிலோ. எரிவாயு உருளையில் 14.2 கிலோ வாயு, இரும்பின் எடையும் சேர்ந்தால் 30 கிலோவை நெருங்கும். இந்த எடைகளை உங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

நடப்பதை முதல் நாளிலிருந்தே ஊக்குவியுங்கள். இருமும்போது தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளட்டும். முக்கி மலம் கழிக்கும்படி விடக் கூடாது, மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். நின்றபடி பார்க்கும் மில் வேலைக்கு ஆறு வாரம், பாரம் தூக்கும் வேலைக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம். மதியம் ஆனால் உடம்பு சோர்ந்துபோவது இரண்டு மூன்று மாதம்கூட இருக்கும். அது சோம்பேறித்தனம் அல்ல. மத்திய அரசு ஊழியர்களுக்கு உறுப்பு தானத்துக்காக 42 நாட்கள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு, 2023-ல் இது 30-லிருந்து உயர்த்தப்பட்டது. உங்கள் மில் நிர்வாகத்திடம் பேசும்போது இதைச் சுட்டிக்காட்டலாம்.

காய்ச்சல், தையலில் சீழ், ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தல், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத்திணறல் என்றால் அந்த நிமிடமே.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அண்ணனுக்கு இடது கிட்னி கொடுத்தேன். அதிலிருந்து இடது விதை வலிக்கிறது, லேசாக வீங்கியும் இருக்கிறது. (வாசகர், சேலம்)

பதில்: கூச்சப்பட ஒன்றுமில்லை, இடது சிறுநீரகம் கொடுத்த ஆண்களிடம் அடிக்கடி வருவதுதான். இடது விதையிலிருந்து வரும் ரத்தக்குழாய் இடது சிறுநீரகத்தின் ரத்தக்குழாயில் போய்ச் சேர்கிறது. அறுவையில் அதைக் கட்டிவிடுவார்கள். பக்கத்து நரம்புகளும் சில நேரம் அடிபடும். இறுக்கமான உள்ளாடை, பாராசிட்டமால், பொறுமை ஆகியவற்றாலேயே பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். வீக்கம் பெருகினாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ அறுவை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மனைவிக்குக் கிட்னி கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி மாத்திரை போடுகிறேன். அது வேண்டாம் என்றால் சித்த மருந்து, கைவைத்தியம் பரவாயில்லையா? (வாசகர், மதுரை)

பதில்: மெடிக்கலில் கேட்டு வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், நாப்ராக்சன், மெஃபனாமிக் அமிலம், எடோரிகாக்சிப் எல்லாமே ஒரே குடும்பம். சிறுநீரகத்துக்குள் ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாயை விரித்துவைத்திருக்கும் வேதிப்பொருள் சுரக்க விடாமல் இவை தடுக்கின்றன. உடம்பில் நீர் குறைவாக இருக்கும்போது அந்தக் குழாய் சுருங்கினால் வடிகட்டும் வேலை சட்டென்று விழும். டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரையோடு, வாந்தி பேதி வந்த நாளில், வலி மாத்திரையும் சேர்வதுதான் மிக மோசம். இரண்டு சிறுநீரகம் உள்ளவருக்கே அது ஆபத்து, உங்களிடம் மாற்றுக்கு இன்னொன்று இல்லை.

கடைக்காரர் ‘இது பாராசிட்டமால்தான்’ என்று கொடுக்கும் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். பல மூட்டுவலி மாத்திரைகளில் பாராசிட்டமாலோடு அசெக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம் கலந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது பாராசிட்டமால் மட்டும் உள்ளது. 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு 3 கிராமைத் தாண்டாமல் போதும். கல்லீரல் கோளாறோ மதுப்பழக்கமோ இருந்தால் அந்த அளவும் ஆகாது. மேலே தடவும் ஜெல்லைச் சில நாள் பயன்படுத்தலாம். முழங்கால் வலிக்கு, தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்பும் எந்த மாத்திரையைவிடவும் நீண்ட நாள் உதவும். ஊசி போடும் கிளினிக்கில் ‘ஒரு வலி ஊசி’ என்றால் அது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்தான், முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகளும் உங்களுக்கு எச்சரிக்கையோடு போட வேண்டியவை. கேஸ் மாத்திரையை மாதக்கணக்கில் சுயமாகப் போடுவதும் நல்லதல்ல, சிலருக்கு அதனால் சிறுநீரகத் திசுவில் அழற்சி வருகிறது.

கைவைத்தியம் பற்றி நேரடியாகவே சொல்கிறோம். ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடிகள். அவற்றில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். எந்த வடிவிலும் வேண்டாம். பாதரசம், ஈயம், ஆர்செனிக் சேர்ந்த பற்பம், செந்தூரங்களும் வேண்டாம். நாட்டு மருந்து சாப்பிட்டவர்களிடம் சிறுநீரில் புரதம் கொட்டும் ஒருவகைச் சிறுநீரக நோய் வருவதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். சிவப்பழகு க்ரீம்கள் சிலவற்றிலும் பாதரசம் இருக்கிறது. கொழுப்பு குறையும் என்று பிலிம்பிக்காய்ச் சாற்றைக் குடித்துக் கேரளத்தில் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்கள் உண்டு. அதிலுள்ள ஆக்சலேட் படிகமாகிக் குழாய்களை அடைத்துவிடுகிறது. நட்சத்திரப் பழச் சாறும் அப்படியே. ரசத்துக்குப் போடும் மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சிக்கு எந்தத் தடையும் இல்லை. சித்த மருத்துவரிடம் போவதானால், ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது என்று சொல்லி, மருந்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தராதவரின் மருந்து வேண்டாம்.

கேள்வி: தினம் ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். பருப்பு, முட்டையை நிறுத்தச் சொல்கிறார்கள். இந்துப்பு நல்லதா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஐந்து லிட்டர் தேவையில்லை. வீட்டுக்குள் வேலை என்றால் இரண்டிலிருந்து இரண்டரை லிட்டர் போதும். சித்திரை வெயிலில் வயலில் நிற்பவருக்கு இன்னும் வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று பாருங்கள். பருப்பு, முட்டை, மீனை நிறுத்த வேண்டாம். 50 கிலோ எடைக்கு 40 முதல் 50 கிராம் புரதம் தேவை. ஜிம் பொடிதான் வேண்டாம்.

இந்துப்பும் உப்புதான், அதிலும் சோடியம்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பது இந்தக் கணக்கில் சேரவில்லை என்பதால் இன்னும் தள்ளிப்போனால் நல்லது.

கேள்வி: எனக்கு 27 வயது. அப்பாவுக்குக் கிட்னி கொடுத்து எட்டு மாதம். வரன் பார்க்கிறார்கள். ‘குழந்தை பெற முடியாது’ என்று சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். (வாசகி, திருச்சி)

பதில்: பெற முடியும். தானம் கருத்தரிக்கும் திறனைக் குறைப்பதில்லை. தானம் முடிந்து ஓராண்டு கழியட்டும், மிச்சச் சிறுநீரகம் நிலைபெற அந்த அவகாசம் வேண்டும்.

கூடுதல் கவனம் எங்கே வேண்டும் என்றால் கர்ப்பகால ரத்த அழுத்தத்தில். கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், தானம் செய்தவர்களின் கர்ப்பங்களில் 11 சதவீதத்தில் கர்ப்பகால ரத்த அழுத்தமோ அதன் தீவிர வடிவமோ வந்தது. செய்யாதவர்களுக்கு 5 சதவீதம். பெரும்பாலான தாய்மாரும் குழந்தைகளும் நலமாகவே இருந்தார்கள். ஆகவே கருத்தரிக்கத் திட்டமிடும்போதே ரத்த அழுத்தம், க்ரியாட்டினின், சிறுநீர் அல்புமின் மூன்றையும் பார்த்து எழுதிவையுங்கள். டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் வகை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் கருத்தரிக்கும் முன்பே மாற்ற வேண்டும். முதல் செக்கப்பிலேயே தானம் பற்றிச் சொல்லுங்கள். 12-வது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தரலாமா என்பதை மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார். 20 வாரத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை வீட்டிலேயே அழுத்தம் பாருங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முக வீக்கம் வந்தால் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. கர்ப்பத்தில் க்ரியாட்டினின் இறங்குவதுதான் இயல்பு. முன்பிருந்த அளவிலேயே நின்றால்கூட மருத்துவரின் கவனத்துக்குக் கொண்டுபோங்கள்.

சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. ஒன்றை மட்டும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்: ‘ஒற்றைச் சிறுநீரகம், டைக்ளோஃபெனாக் கூடாது’. சிசேரியன் ஆனவர்களுக்கு ஆசனவாயில் வைக்கும் வலி மாத்திரை பல இடங்களில் டைக்ளோஃபெனாக்தான். இரவுப் பணிக்கு வரும் நர்ஸுக்கு உங்கள் கதை தெரியாது. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது, பிரசவ நேரத்தில் இந்த விவரம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: நான் கொடுத்த கிட்னி என் மகளுக்கு இரண்டே வருடத்தில் செயலிழந்துவிட்டது. நான் கொடுத்தது சரியில்லாத கிட்னியோ என்று தூக்கமே வருவதில்லை. (வாசகி, விழுப்புரம்)

பதில்: அம்மா, உங்கள் சிறுநீரகத்தைப் பல பரிசோதனைகள் செய்து, நல்லது என்று உறுதியான பிறகுதான் எடுத்தார்கள். பொருத்திய சிறுநீரகம் கெட்டுப்போவது பெரும்பாலும் பெற்றவர் உடலின் எதிர்ப்பாலோ, தொற்றாலோ, பழைய நோய் திரும்புவதாலோதான். அந்த இரண்டு வருடமும் உங்கள் மகள் டயாலிசிஸ் இல்லாமல் வாழ்ந்தது உங்களால்தான்.

இந்தத் துக்கத்துக்கும் மருத்துவம் உண்டு. தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். டெலி-மானஸ் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். மகளைக் கூட்டிக்கொண்டு போகும் அதே நாளில் உங்கள் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடனுக்காகக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமோ என்று பயம். விலாப்பக்கம் வலிக்கிறது. (பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: போங்கள், தாமதிக்காதீர்கள். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001-ல் பேசி, 2002-ல் வெளியிட்ட ஆய்வில், 86 சதவீதம் பேர் தங்கள் உடல்நலம் முன்பைவிடக் குறைந்துவிட்டதாகவே சொன்னார்கள். 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. உங்களைப் போன்றவர்களுக்குத்தான் தொடர் கவனிப்பு அதிகம் தேவை, கிடைப்பதோ மிகக் குறைவு.

அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் ‘எனக்கு ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது, இன்ன ஆண்டில் எடுத்தார்கள், இன்ன பக்கம் வலிக்கிறது’ என்று சொன்னால் சிகிச்சைக்கு அது போதும். எந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தை எடுத்தார்கள் என்று தெரியாவிட்டாலும் ஸ்கேன் சொல்லிவிடும். சட்டம் பற்றிய பயத்தை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பேசுங்கள், தகுதி உள்ளவர்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.

வலியைப் பற்றி இன்னொன்று. மிச்சச் சிறுநீரகம் இருக்கும் பக்கம் வலித்து, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ நின்றாலோ, கல் அடைத்திருக்கலாம். இரண்டு சிறுநீரகம் உள்ளவருக்கு ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் ஓடும். உங்களுக்கு அது முழு அடைப்பு. காலை வரை பார்ப்போம் என்று வீட்டில் இருக்கக் கூடாது. இது தானம் செய்த எல்லோருக்கும் பொருந்தும்.

கேள்வி: செக்கப் எத்தனை நாளுக்கு ஒருமுறை? என்னென்ன பார்க்க வேண்டும்? (வாசகி, புதுச்சேரி)

பதில்: முதல் இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை, ஆறு மாதத்தில், ஓராண்டில், பிறகு ஆயுள் முழுக்க ஆண்டுக்கு ஒருமுறை. பார்க்க வேண்டியவை ரத்த அழுத்தம், எடை, க்ரியாட்டினின், சிறுநீர் அல்புமின்–க்ரியாட்டினின் விகிதம், சர்க்கரை. மனநிலையையும் மருத்துவர் கேட்க வேண்டும். ஆண்டுதோறும் ஸ்கேன் அவசியமில்லை.

ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே இருக்கட்டும். பார்ப்பதற்கு அரை மணி முன்பு காபி வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல், இரண்டு முறை பாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் எண் பொய்யாகக் கூடும். ஏற்கனவே பிரஷர், சுகர் இருப்பவர்களுக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற, 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தமிழகத்தில் இருக்கிறது.

மயக்கமாகி விழுந்தாலும் மருத்துவருக்குத் தெரியும்படி ‘ஒற்றைச் சிறுநீரகம்’ என்றும் எடுத்த பக்கமும் ஆண்டும் கடைசி க்ரியாட்டினினும் எழுதிய சீட்டை ஆதார் அட்டையோடு வைத்திருங்கள். சாயம் செலுத்தி சி.டி. எடுக்கும் முன்பும், குடல் பரிசோதனைக்கு வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்து தரும் முன்பும் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். சோடியம் பாஸ்பேட் கரைசலைத் தவிர்த்துப் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைக் கேட்டு வாங்க வேண்டும்.